பன்னிரண்டு பிக்சல் உயரம்

கோயம்புத்தூரில் கம்பெனியை மூடியபோது
இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
இந்த மேக்கைத் தந்தார்கள்.
ஓரத்தில் ஒரு நசுங்கல். மூடியில்
யாரோ ஒட்டிப் பாதி உரித்த யானை.
பறவைக் காய்ச்சல் நேரம்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி
என் பையைத் தட்டிப் பார்த்தவர்
"கோழியோ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரிந்த கேம் மென்பொருள் ஒன்றே ஒன்று.
பழசு. விண்டோஸில் மட்டும்தான் எழுந்து நடக்கும்.
வேறொன்று பழகலாம்தான், முப்பத்திரண்டு பெரிய வயதில்லை.
சோம்பல் என்று சொல்லுங்கள்,
ஆறு வருடம் அதே கீகளில் ஓடிய விரல்கள் என்று
நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே நடுவில் ஒரு அடுக்கைப் போட்டேன்.
அது விண்டோஸ் இல்லை,
விண்டோஸ் மாதிரி பதில் சொல்லும்.
"சி டிரைவ் எங்கே?" என்று மென்பொருள் கேட்டால்
ஏதோ ஒரு ஃபோல்டரைக் காட்டி
இதோ என்கும்.
ரெஜிஸ்ட்ரி கேட்டால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை நீட்டும்.
படம் வரை என்று அது ஒரு பாஷையில் சொல்ல
இது வாங்கி இன்னொரு பாஷையில்
மேக்கின் காதில் போடும்,
நொடிக்கு அறுபது முறை, முகம் சுளிக்காமல்.

அதன் ஐகான் ஒரு மதுக் கோப்பை.
எட்டிப் பார்த்த அம்மா கேட்டாள்:
"பூசைக்கா, பெவரேஜஸுக்கா?"

முதல் ராத்திரி, ஏதோ டிஎல்எல் காணோம்.
இரண்டாம் ராத்திரி, எழுத்தெல்லாம் கட்டம்.
ஆட்டுக்கிடை என்று நான் பெயரிட்ட ஃபோல்டர்
பதினொரு வெற்றுக் கட்டங்களாய் நின்றது.
கிடை போலத்தான் இருந்தது, அப்படியே விட்டேன்.
மூன்றாம் ராத்திரி இரண்டே காலுக்கு,
கரண்ட் போய் விசிறி ஓய்ந்த புழுக்கத்தில்
பச்சைப் புல்லோடு திறந்தது என் திரை.

கேம் பெரிதாக ஒன்றுமில்லை.
எல்லையின் இரண்டு பக்கமும் மேயும் ஓர் ஆடு.
எது எந்த அரசாங்கம் என்று
எட்டாவது லெவலில்தான் அதற்குத் தெரியவரும்.

ஆனால் ஆடு முழங்கால் வரை மண்ணுக்குள் நின்றது.
எருத்தேம்பதியிலிருந்து படம் வரைந்து அனுப்பும் ஆரோக்கியசெல்வி
போனில் அழாத குறை.
"குளம்புக்கு மட்டும் மூணு நாளுடி. பிளவு விட்டு வரைஞ்சேன்."
கண்ணில் பட்ட செட்டிங்கையெல்லாம் டிக் செய்தேன்,
டிக்கையெல்லாம் எடுத்தேன்.
கடைசியில் எல்லாவற்றையும்
பன்னிரண்டு பிக்சல் தூக்கிவிட்டேன்:
ஆடு, வேலி, கள்ளுக்கடைப் பலகை,
போலீஸ்காரர், அவருடைய ஸ்டூல்.
எல்லாம் தரையில் பதிந்து நின்றன.
அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கொழிஞ்சாம்பாறையில் ஹனீபாவின் கடை.
ரேஷன் கார்டு திருத்தம், லாமினேஷன், ஜெராக்ஸ்,
மூன்று கம்ப்யூட்டர். மூன்றும் அசல் விண்டோஸ்.
பென் டிரைவைச் செருகினேன்.

ஆடு அந்தரத்தில் நின்றது.
வேலியும் அந்தரத்தில். போலீஸ்காரரும்,
உட்கார்ந்த ஸ்டூலோடு.

தவறே இல்லாத இடத்தைத்தான்
இத்தனை நாளும் திருத்தியிருக்கிறேன்.

பாலக்காட்டு ஆபீசில் என் மலையாளத்துக்குத்
தமிழில்தான் பதில் வரும்.
பொள்ளாச்சிக் கடையில் வாயைத் திறந்தால்
"நீங்க கேரளாவா?"
ஏன் அது அப்போது ஞாபகம் வந்ததோ.
ஃபேன் காற்றில் ஜெராக்ஸ் தாள்கள் பறந்தன.
ஹனீபா ஸ்டேப்ளரை எடுத்து மேலே வைத்தார்.

ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்குக் காத்திருந்த இரண்டு பையன்கள்
என்னைக் கேட்காமலே கீபோர்டை இழுத்துக்கொண்டார்கள்.
"ஆடு குதிக்குதுடா."
"குதிக்கல. அது அங்கதான் நிக்குது."
மூன்றாம் லெவல், நான்காம் லெவல்.
பிரிண்டர் தாளைத் துப்பி முடித்து வெகுநேரம்.

செல்வி போன் செய்தாள்.
"குளம்பு தெரியுதா?"
தெரியுது, என்றேன். நாலும். முழுசா.
அடியில கொஞ்சம் காத்தும் தெரியுது.